இயந்திரத்தின் மேல் தவறில்லை

"இந்த மெஷின் உன்கிட்ட மட்டும் எப்படிம்மா சத்தம் போடாம இருக்கு?" என்று பெட்டிக்காரர் ஒருநாள் என்னைக் கேட்டார்.

நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அவர் நல்ல மனிதர். இயந்திரம் செய்த கம்பெனியிலிருந்து பழுது பார்க்க வருபவர். எந்நேரமும் கையில் ஒரு நீலப் பெட்டி இருப்பதால் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் பெட்டிக்காரர்தான். அன்றைக்கே அவருக்குப் பதில் சொல்லியிருந்தால், அதிகாரியம்மா, உங்களுக்கு இவ்வளவு தூரம் வந்து விசாரிக்கிற வேலை மிச்சமாகியிருக்கும். ஆனால் எனக்குப் பேச வராது. "வாயால சொல்ல வரலைன்னா எழுதிக் குடும்மா" என்று நேற்று நீங்கள் சொன்னபோது தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. எழுதுவது எனக்குப் பிடிக்கும். நீங்கள் கொடுத்த தாள் தீர்ந்தால் இந்த வார்டு நர்ஸிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

நான் பத்தாவது பாதியில் நின்றவள். படிப்பு ஏறாமல் இல்லை. டீச்சர் கேள்வி கேட்டு எழுப்பிவிட்டால் பதில் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்க்கும். ஒருநாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, பிறகு போகாமலிருப்பதே பழகிவிட்டது. இரண்டு வருஷம் வீட்டில் யாருக்கும் தெரியாமல் நோட்டு நோட்டாக எதையாவது எழுதிக்கொண்டிருந்தேன். மழை பெய்தால் மழை, சண்டை நடந்தால் சண்டை. என் சித்தி ஆய்வகம் இருக்கிற ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் இருந்தாள். அவள்தான் என்னை ஆய்வகத்தில் சேர்த்துவிட்டாள். "பேசவே வேணாம்டி. கழுவணும், துடைக்கணும், குழாயில சீட்டு ஒட்டணும். உனக்குன்னே செஞ்சு வச்ச வேலை" என்றாள்.

சித்தி சொன்னது உண்மைதான்.

இயந்திரம் இருந்தது மாடியில், கோடி அறையில். இரட்டைக் கதவு பீரோ ஒன்றைப் படுக்கப் போட்டு மேலே கண்ணாடி மூடி வைத்த மாதிரி இருக்கும். உள்ளே ஒரு கை. சளி மாதிரிகள் நிரப்பிய இருபத்துநான்கு குழாய்களை வரிசையாக வைத்து மூடினால், அந்தக் கை ஒவ்வொரு குழாய்க்கும் உறிஞ்சுவதற்குப் புது பிளாஸ்டிக் முனை ஒன்றை மாட்டிக்கொண்டு போய், உறிஞ்சி, வேறு கிண்ணத்தில் விட்டு, கலக்கி, சூடாக்கி, இரண்டரை மணி நேரத்தில் யார் யாருக்குக் காசநோய் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று சொல்லிவிடும். அதைக் கவனித்துக்கொண்டது பெரியக்கா. ஆய்வகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்திரண்டுதான், வீட்டில் நடை பழகும் குழந்தை இருக்கிறது, ஆனால் அதட்டினால் தலைமை மருத்துவரே சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார். அந்த அறையில் நாங்கள் இருவர்தான். மத்தியானம் அவள் சாப்பாட்டில் பாதியை என் தட்டில் தள்ளுவாள். கேள்வியே கேட்கமாட்டாள். எல்லாவற்றையும் அவளே பேசி, எனக்கான பதிலையும் அவளே சொல்லிக்கொள்வாள்.

அப்புறம் இயந்திரம். அதுவும் என்னைக் கேள்வி கேட்காது. ஏதாவது பிடிக்கவில்லை என்றால் மூன்று முறை கத்தும், திரையில் ஒரு எண் காட்டும், நின்றுவிடும். அவ்வளவுதான். அந்த எண்களை நான் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். யாரும் சொல்லவில்லை, சும்மாதான். 304 வந்தால் மூடி திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் மூடி மூடித்தான் இருக்கும். சீட்டின் பசை ஒரு துளி விளிம்பில் ஒட்டியிருக்கும், அதைச் சுரண்டினால் சமாதானமாகிவிடும். 112 வந்தால் முனைகள் இருக்கும் தட்டு ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது. 450 என்றால் சீட்டின் கோடுகளைப் படிக்க முடியவில்லை, ஈரக் கையோடு ஒட்டியிருப்பேன். மூன்றாவது மாதத்தில் பெரியக்கா புத்தகத்தைப் புரட்டுவதை விட்டுவிட்டாள். "என்னாச்சாம் அதுக்கு?" என்று என்னைப் பார்ப்பாள். நான் போய்ச் சுரண்டுவேன், தட்டுவேன், நகர்த்துவேன். கை மறுபடி ஓடும். என்னைக் கேட்ட கேள்விகளில் எனக்குப் பதில் வந்த ஒரே கேள்வி அதுதான்.

217 மட்டும்தான் என் கைக்கு அடங்காதது.

217 என்றால் முனையில் அடைப்பு. சளி ரொம்பக் கெட்டியாக இருந்தால் கையால் உறிஞ்ச முடியாது. பசை மாதிரி நூலாக இழுத்துக்கொண்டே வரும். அப்போது இயந்திரம் மொத்தமும் நின்றுவிடும், மீதி இருபத்துமூன்று பேருக்கும் காத்திருப்பு. அந்தக் குழாயை எடுத்து, கரைக்கும் மருந்து ஊற்றி, குலுக்கி, அரைமணி நேரம் வைத்து, மறுபடி போட வேண்டும். சில சமயம் அப்போதும் அடைக்கும். அப்படியானால் அந்த ஆளை மறுபடி வரச்சொல்லி வேறு சளி வாங்க வேண்டும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். தலைமை மருத்துவர் அறைக்கதவில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தார். 'நிற்காமல் ஓடிய நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் எண் போட ஒரு கட்டம். நின்றால் மறுநாள் சுழியம். மேலிடத்திலிருந்து ஒரு கடிதமும் வந்திருந்தது. மாதத்துக்கு மூன்று முறைக்குமேல் நிற்கிற இயந்திரத்தை எடுத்து, நன்றாகப் பார்த்துக்கொள்ளும் வேறு ஆய்வகத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். "எடுத்துட்டுப் போனா நான் கீழ ரத்தம் எடுக்கற கவுண்டருக்குப் போகணும். நீ வராண்டா துடைக்கணும்" என்றாள் பெரியக்கா. வராண்டா என்றால் நாள் முழுக்க ஆட்கள். எக்ஸ்ரே எங்கே, டாய்லெட் எங்கே, டாக்டர் எப்போ வருவார் என்று ஆளாளுக்கு நிறுத்திக் கேட்பார்கள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த மாதம் ஏற்கெனவே மூன்று முறை நின்றிருந்தது. இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

மறுநாள் காலை குழாய்களுக்குச் சீட்டு ஒட்டும்போது ஒன்றைச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது அசையவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தேன், அப்போதும் அசையவில்லை. 217 தான், சந்தேகமே இல்லை. முறைப்படி கரைக்கும் மருந்து ஊற்றினேன், குலுக்கினேன், அரைமணி வைத்தேன். அப்போதும் நூலாகத்தான் வந்தது. பெரியக்கா கீழே போனில் இருந்தாள். நான் ஒரு புதுக்குழாய் எடுத்து, தொண்டையைச் செருமி அதில் துப்பினேன். கொஞ்சம் கரைக்கும் மருந்து விட்டேன். பளிங்கு மாதிரி ஆயிற்று. அந்த ஆளின் சீட்டில் இன்னொன்று அச்சடித்து ஒட்டினேன். கை வந்து உறிஞ்சிக்கொண்டு போயிற்று, ஒரு சின்னத் தயக்கம்கூட இல்லை. இரண்டரை மணி நேரம் கழித்து முடிவு வந்தது. நோய் இல்லை.

எனக்கு நோய் இல்லாததால் இல்லை என்று வந்தது. அதில் பொய் ஒன்றும் கிடையாது. முடிவுகளில் நான் ஒருநாளும் கை வைத்ததில்லை, அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்துக்கு எதைக் கொடுத்தேனோ அதைப் பற்றி அது சரியாகச் சொன்னது.

அந்த ஆளுக்கும் நல்ல செய்திதான். மறுபடி பஸ் பிடித்து வந்து, மறுபடி இருமித் துப்பி, மறுபடி காத்திருக்க வேண்டாம். முடிவுச் சீட்டை வாங்கிக்கொண்டு அவர் படியிறங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார், ஆனால் முகம் தெளிவாக இருந்தது.

மாதம் தாண்டியது. இயந்திரம் எங்களிடமே இருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் அதற்கடுத்து இன்னொரு மாதம் வந்துவிட்டது.

கெட்டியான குழாய் எது என்று எனக்குச் சாய்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். தினமும் காலையில் வந்ததும் ஒரு சின்னக் கோப்பையில் ஒரேயடியாகத் துப்பிக் கலந்து வைத்துக்கொள்வேன். அன்றைக்கு எத்தனை தேவையோ அத்தனை குழாயில் பிரித்து விடுவேன். சில நாள் ஒன்று, சில நாள் மூன்று, சில நாள் தேவையே இருக்காது. ஒவ்வொரு குழாயின் எண்ணையும் நோட்டில் எழுதி வைத்தேன். எதையும் எழுதாமல் செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. பலகையில் நாற்பது வந்தது, எண்பது வந்தது. நூறு வந்த அன்று தலைமை மருத்துவர் கேக் வாங்கி வந்து வெட்டினார். "மத்த லேப்ல எல்லாம் மெஷினை வச்சுக்கிட்டு அழுவுறாங்க. எங்க பெரியக்காவோட ராசி" என்றார். "எல்லாம் இவ கைராசி சார். இவ தொட்டாலே அது வாயை மூடிக்குது" என்று பெரியக்கா என்னை முன்னால் தள்ளினாள். எல்லோரும் கைதட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் தட்டியதில்லை.

கெட்டிச் சளிக்காரர்கள்தான் ரொம்ப நோய்ப்பட்டவர்கள் என்பது எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். பெரியக்கா ஒருமுறை பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் என் வேலை குழாயோடுதான்.

எதிர்க்கடைத் தையல்காரரைப் பற்றி நீங்கள் இரண்டு தடவை விசாரித்தீர்கள், அதனால் அதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே அவர் கடை. என் வெள்ளை மேலங்கியைத் தைத்தது அவர்தான். உள்பக்கம் ஒரு நீளப் பை வைத்துத் தந்தார். "நோட்டு வச்சுக்கத்தானே? யாருகிட்டயும் சொல்லல போ" என்றார். எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியாது. அவருக்கு இருமல் ஆரம்பித்து, சளி கொடுக்க மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் குழாயைக் கவிழ்த்தால் அசையவில்லை.

மூன்றாவது சீட்டை நான்தான் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்னம்மா சொல்லுது உன் மெஷின்?"

நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன்.

"இல்லைங்குதா? அப்ப துணித்தூசிதான். என் வீட்டுக்காரி டாக்டரை நம்பமாட்டேங்கறா, என்னை நம்பமாட்டேங்கறா. மூணாவது சீட்டையும் காட்டினா மெஷினையாவது நம்புவா" என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மூன்று தடவை இல்லை என்று வந்துவிட்டதால், டாக்டர் வேறு ஏதோ என்று நினைத்து மூச்சுத் திணறலுக்கு மருந்து எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் முன்னால் அவர் மனைவி ஒரு வண்டி கொண்டுவந்து தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு போனார். கடையில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள்.

அந்தச் சமயத்தில் எனக்கும் லேசாக இருமல் வந்தது. ஏ.சி. அறை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பெரியக்கா அவளுடைய தண்ணீர் பாட்டிலை நீட்டுவாள். நான் குடித்துவிட்டுக் கொடுப்பேன், அவளும் குடிப்பாள்.

இனி நீங்கள் வந்ததற்கான காரணம்.

பலகையில் இருநூற்று எழுபத்தொன்று இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று கெட்டிக் குழாய்கள் ஆறு. கோப்பையில் இருந்ததை ஆறாகப் பிரித்துப் போட்டேன். முடிவு வந்ததும் பெரியக்கா திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆறு பேருக்கு நோய் இருக்கிறது என்று வந்திருந்தது. அது பரவாயில்லை. நோய் எவ்வளவு இருக்கிறது என்று இயந்திரம் ஒரு எண்ணும் கொடுக்கும், ஆளுக்கு ஆள் அது மாறும். அந்த ஆறு பேருக்கும் ஒரே எண்.

"என்னடி இது, ஒரே ரப்பர் ஸ்டாம்பைக் குத்தின மாதிரி இருக்கு" என்றாள்.

பெட்டிக்காரர் வந்தார். இயந்திரத்துக்குள் நோய்க்கிருமி ஒட்டிக்கொண்டு எல்லாக் குழாயிலும் சிந்துகிறதோ என்று சந்தேகப்பட்டார். மூன்று நாள் அவர் வேலை பார்த்ததை நான் ரசித்துப் பார்த்தேன். வெறும் தண்ணீர்க் குழாய்களைப் போட்டு ஓட்டினார், எல்லாம் சுத்தம். கையைக் கழற்றிப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைச் சோதித்தார், சுத்தம். முனைகளை மாற்றினார், மருந்துப் பெட்டியை மாற்றினார், காற்று வரும் வலையைக்கூடக் கழுவினார். ஒவ்வொன்றையும் நான் எடுத்துக் கொடுத்தேன். இயந்திரம் ஒவ்வொரு சோதனையிலும் தேறியது.

"தண்ணி சுத்தம், பஞ்சு சுத்தம், காத்துகூட சுத்தம். இந்த ஆறு பேருக்கு மட்டும் ஒரே நம்பர். மேடம், ஆறு பேரும் ஒரே வீட்டுல இருக்காங்களா?"

"ஒரே வீட்டுல இருந்தாலும் ஒரே சளியையா சார் துப்புவாங்க?" என்றாள் பெரியக்கா.

அவள் எப்போதுமே கெட்டிக்காரி. அவளுக்கே தெரியாமல் விடையைச் சொல்லிவிட்டாள். பெட்டிக்காரர் சிரித்தார், அவளும் சிரித்தாள், நானும் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அந்த ஆறு பேரிடமும் புதிதாகச் சளி வாங்கி வேறு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஐந்து பேருக்கு உண்மையிலேயே காசநோய். பெட்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சரியாத்தான் சொல்லியிருக்கு. ஆனா எப்படிச் சரியாச் சொல்லுச்சுன்னு எனக்குப் புரியலையே மேடம். இப்படிப் புரியாத மெஷினை இங்க வைக்க முடியாது. கழட்டி எடுத்துட்டுப் போயிடறேன்."

அந்த ஐந்து பேரும் இப்போது மருந்து சாப்பிடுகிறார்கள். அந்த வகையில் பார்த்தால் என் மூலமாக ஐந்து பேருக்கு நல்லது நடந்திருக்கிறது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை, இயந்திரத்தைக் கழற்றுவதற்கு முந்தின கடைசி ஓட்டத்தில், என் சளியை என் பெயரிலேயே சீட்டு ஒட்டிப் போட்டேன். நோய் இருக்கிறது என்று வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த அதே எண், தசமப் புள்ளிக்கு அப்புறம் மட்டும் கொஞ்சம் அதிகம். எனக்குப் பயம் வரவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அது என்னைக் கண்டுபிடித்துவிட்டதே என்று பெருமையாகத்தான் இருந்தது. எனக்கு எங்கிருந்து தொற்றியதோ தெரியவில்லை. அத்தனை பேர் குழாயைத் திறந்து மூடுகிறேன், யாரிடமிருந்து என்று சொல்வது.

பன்னிரண்டு மணிக்கு வண்டி வருவதாக இருந்தது. இயந்திரத்தை மரப்பெட்டியில் அடைத்து, 'பழுது' என்று சிவப்புச் சீட்டு ஒட்டி எடுத்துப் போவார்களாம். அந்தச் சிவப்புச் சீட்டு ஏற்கெனவே மேசைமேல் கிடந்தது. ஒரு தவறும் செய்யாத ஒன்றின்மேல் அதை ஒட்டப் போகிறார்கள். எனக்குத் தாங்கவில்லை. மேலங்கியின் உள்பையிலிருந்து நோட்டை எடுத்துப் பெரியக்காவின் முன்னால் வைத்தேன்.

அவள் முதலில் நின்றபடி புரட்டினாள். அப்புறம் உட்கார்ந்தாள்.

"இதெல்லாம் என்ன நம்பர்?"

"குழாய் நம்பர்க்கா."

"எத்தனை?"

"நூத்துப் பதினேழு."

"இவங்களுக்கெல்லாம் பதிலா நீ..."

"இது அத்தனையும் 217 வந்திருக்கும்க்கா. வரவிடல."

அவள் மேலும் சில தாள்களைப் புரட்டினாள். "எதிர்க்கடைக்காரர்?" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை.

"ஒம்பதாம் பக்கம், இருபத்திரெண்டு, முப்பத்தொண்ணு" என்றேன். பார்க்காமலே சொன்னேன்.

அன்றைக்குத்தான் அம்மா நான் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரே மூச்சில் நிறையப் பேசினேன். பதில் தொண்டையில் உட்காரவே இல்லை. சாய்த்துப் பார்ப்பது, கோப்பை, ஆறாகப் பிரித்தது, எனக்கு நோய் இருப்பது, ஒரே எண் எப்படி வந்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இயந்திரத்தின் கையில் கோளாறு இல்லை, கோடு படிக்கிற கண்ணில் கோளாறு இல்லை, சூட்டில் கோளாறு இல்லை, பெட்டிக்காரர் தேடியது எதுவும் உள்ளே கிடையாது, எல்லாம் நான் செய்ததுதான் என்று சொன்னேன். பெரியக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை அவளுடைய தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள்.

கடைசியில் நானே ஒரு கேள்வி கேட்டேன்.

"அப்ப மெஷினை எடுத்துட்டுப் போகமாட்டாங்கல்லக்கா?"

பெரியக்கா நோட்டை மூடி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லத்தான் எழுந்திருக்கிறாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. சிவப்புச் சீட்டைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, கண்ணாடி மூடியை ஒருதரம் துடைத்தேன். அவள் என்மேல் படாமல் சுவரோரமாக ஒதுங்கி நடந்து வெளியே போய்விட்டாள்.